நாளைய பாரத்தை இன்றே சுமக்காமல்: எளிமை என்னும் ஆவிக்குரிய பயிற்சி

எளிமையாக வாழ வேண்டும் என்று யாராவது சொன்னால் நம் மனம் நேராக அலமாரிக்குப் போய்விடும். எத்தனை உடைகள் இருக்கின்றன, எதை யாருக்குக் கொடுக்கலாம், எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம். ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருப்பவருக்கு இது இன்னொரு வேலையாகத்தான் தெரியும். அலுவலகம், பிள்ளைகளின் படிப்பு, வயதான பெற்றோரின் மருந்து, சபையில் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. இத்தனைக்கும் நடுவில் வீட்டை ஒழித்து வைக்க யாருக்கு நேரம் இருக்கிறது? எளிமையெல்லாம் துறவிகளுக்குச் சரி, நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடுகிறோம்.

ஆனால் கிறிஸ்தவ மரபில் எளிமையை ஆழமாக வாழ்ந்து பார்த்தவர்கள் அலமாரியிலிருந்து தொடங்கவில்லை. ஜெபம், உபவாசம், வேத தியானம் ஆகியவற்றின் வரிசையில் எளிமையையும் ஓர் ஆவிக்குரிய பயிற்சியாக வைத்தார்கள். இப்படிப்பட்ட பயிற்சிகளைச் செய்வதால் தேவனிடத்தில் நமக்கு மதிப்பு கூடிவிடாது. அவர் இலவசமாகக் கொடுக்கிற கிருபையை வாங்கிக்கொள்ள நம்மிடம் இடம் இருக்க வேண்டும், அந்த இடத்தை உண்டாக்குவதுதான் பயிற்சியின் வேலை. உபவாசம் அதை வயிற்றின் வழியாகச் செய்கிறது. எளிமை அதைப் பணம், பொருள், நேரம், பேச்சு என்று நம் அன்றாடத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் செய்கிறது. அதனால்தான் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிறவர்களுக்கு இது அதிகமாகத் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன்.

வேர் எங்கே இருக்கிறது?

மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் பின்பாதியை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். பூமியிலே பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்க வேண்டாம் என்று இயேசு தொடங்குகிறார். இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய ஒருவனாலும் கூடாது என்கிறார். பணத்தைப் பற்றிப் பேசி முடித்த கையோடு கவலைக்கு வந்துவிடுகிறார்: என்னத்தை உண்போம், என்னத்தை உடுப்போம் என்று கவலைப்படாதிருங்கள். சேர்த்துவைப்பதும் கவலைப்படுவதும் அவருடைய பார்வையில் ஒரே நோய்தான். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் உள்ளே இருக்கிறது, கைகள் சேர்த்துக்கொண்டே போகின்றன.

இந்தப் பயம் பணத்தை மட்டும் சேர்ப்பதில்லை. ஒருவர் மனம் புண்படுமோ என்று பயந்து ஒப்புக்கொண்ட வேலைகளையும் சேர்க்கிறது. பின்னால் உதவும் என்று பிடித்துவைத்த தொடர்புகள், நம்மைப் பற்றி மற்றவர்கள் நல்லபடியாக நினைக்க வேண்டும் என்பதற்காகச் சொன்ன விளக்கங்கள், பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களோ என்று சேர்த்துவிட்ட வகுப்புகள், எல்லாமே அந்தக் கணக்கில் வரும். பரபரப்பான வாழ்க்கை என்று நாம் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி நாளைக்கான முன்னெச்சரிக்கையாக இருக்கும்.

ஆகவே எளிமை தொடங்குகிற இடம் நம்பிக்கை. "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள், அப்பொழுது இவைகளெல்லாம் உங்களுக்குக் கூடக் கொடுக்கப்படும்" என்ற வசனத்தைச் சிறுவயதிலிருந்தே மனப்பாடமாகச் சொல்லியிருப்போம். அதில் முதலாவது எது என்று முடிவாகிவிட்டால் மற்றவை தாமாகவே தங்கள் இடத்துக்குப் போக ஆரம்பிக்கும். அது முடிவாகாமல் வீட்டை மட்டும் காலி செய்தால், ஆறு மாதத்தில் வீடு மறுபடியும் நிறைந்துவிடும்.

பண்டசாலை கட்டியவர்களுக்குக் கிடைத்த மன்னா

வேதத்தில் எளிமைக்கு ஒரே ஒரு பாடத்தைத்தான் படிக்க முடியும் என்றால் நான் யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தைச் சொல்வேன்.

இஸ்ரவேலர் எகிப்திலிருந்து புறப்பட்டு ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. கொண்டுவந்த உணவு தீர்ந்துபோய், இறைச்சிப் பாத்திரங்களின் அருகில் உட்கார்ந்து சாப்பிட்ட எகிப்தை நினைத்து முறுமுறுக்கிறார்கள். மறுநாள் காலையில் பனி நீங்கியபோது, தரையின்மேல் உருண்டையான சிறிய ஒன்று உறைபனியைப் போலப் படிந்துகிடக்கிறது. அது என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. தேவன் உணவாகத் தந்த அதற்குத்தான் மன்னா என்று பெயரிட்டார்கள். தலைக்கு ஓர் ஓமர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள், விடியும்வரை ஒன்றையும் வைக்க வேண்டாம் என்று மோசே சொல்கிறார். சிலர் கேட்கவில்லை. இரவில் கொஞ்சம் எடுத்து வைக்கிறார்கள். காலையில் அதில் புழு உண்டாகி நாற்றம் எடுக்கிறது. வெயில் ஏறினால் வெளியில் கிடப்பதும் உருகிப்போகிறது. ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு கிடைக்கும், அதை மறுநாளுக்கு வைத்தால் கெடாது. ஏழாம் நாளும் சேர்க்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

இந்த மக்கள் யார் என்பதை யாத்திராகமத்தின் தொடக்க அதிகாரங்களில் பார்க்கலாம். பார்வோனுக்காகப் பித்தோம், ராமசேஸ் என்ற பண்டசாலைப் பட்டணங்களைக் கட்டியவர்கள். சேர்த்துவைப்பதையே பெலமாக நினைத்த ஒரு ராஜ்யத்துக்குச் செங்கல் அறுத்தவர்கள். வைக்கோல் கொடுக்காமல் அதே எண்ணிக்கையில் செங்கல் கேட்கப்பட்டவர்கள். அவர்களுடைய உடல் எகிப்தைவிட்டு வந்துவிட்டது, ஆனால் பண்டசாலை மனதைவிட்டு இறங்கவில்லை. அந்த மனதை இறக்கிவைக்கத்தான் நாற்பது வருஷம் ஒவ்வொரு காலையும் அன்றன்றைய அளவு மட்டும் தரையில் கிடந்தது. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவுமில்லை.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கேட்கும்போது நாம் அந்த வனாந்தரத்தில்தான் நிற்கிறோம். இன்றைக்கு வேண்டியதை இன்று கேட்கிறோம், நாளைக்கு மறுபடி கேட்க வருவோம் என்பதை மறைமுகமாக ஒப்புக்கொள்கிறோம். தினமும் கேட்டு வாங்க வேண்டிய நிலை நமக்குப் பிடிப்பதில்லை. ஒரே தடவையில் மொத்தமாக வாங்கிக்கொண்டால் நிம்மதி என்று தோன்றும். ஆனால் தினமும் வந்துபோகிற அந்த உறவைத்தான் தேவன் விரும்புகிறார்.

அப்படியானால் சேமிப்பே தவறா? இல்லை. யோசேப்பு ஏழு வருஷம் தானியத்தைச் சேர்த்துவைத்தார், பஞ்சத்தில் அநேகர் உயிர் பிழைத்தார்கள். லூக்கா 12ஆம் அதிகாரத்தில் வருகிற ஐசுவரியவானும் களஞ்சியம்தான் கட்ட நினைத்தான். யோசேப்பின் களஞ்சியம் பசித்தவர்களுக்காகத் திறந்தது. இவனோ தன் ஆத்துமாவோடு மட்டும் பேசிக்கொண்டு, தனக்காக மட்டும் திட்டம் போட்டான், அன்று இரவே உயிர் போயிற்று. குடும்பத்துக்காக, முதுமைக்காக, மருத்துவத்துக்காக ஓர் அளவு எடுத்துவைப்பது பொறுப்பு. அந்த அளவு எது என்று ஒருபோதும் தீர்மானிக்காமல் வைத்துக்கொண்டே போவதுதான் ஆபத்து.

எளிமை என்று தவறாக நினைக்கப்படுபவை

வறுமை எளிமை ஆகாது. சாப்பாட்டுக்கு வழியில்லாத ஒருவரைப் பார்த்து எளிமையாக வாழுங்கள் என்று சொல்வது கொடுமை. நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தில் ஆகூர் செய்கிற ஜெபம் எனக்கு மிகவும் பிடித்தது. தரித்திரத்தையும் கொடுக்க வேண்டாம், ஐசுவரியத்தையும் கொடுக்க வேண்டாம், என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும் என்கிறார். வயிறு நிறைந்தால் உம்மை மறந்துவிடுவேன், பட்டினி கிடந்தால் திருடிவிடுவேன் என்று இரண்டு பக்கத்தையும் வெளிப்படையாகச் சொல்கிறார்.

கஞ்சத்தனமும் எளிமை ஆகாது. வெளியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், அதனால் ஏமாந்துபோவது சுலபம். பழைய சட்டையையே போட்டுக்கொண்டு, விருந்தாளிக்கும் அளந்து போட்டு, வங்கிக் கணக்கு ஏறுவதைப் பார்த்து மகிழ்கிறவர் எளிமையாக வாழவில்லை. அவரை ஆட்டுவிப்பதும் அதே நாளைய பயம்தான்.

பொருட்களைக் குறைத்து வாழ்வது இப்போது ஒரு நவீனப் பாணியாகவும் ஆகியிருக்கிறது. அதில் நல்லது உண்டு. ஆனால் அங்கே கேள்வி "இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா" என்பதோடு நின்றுவிடும். கிறிஸ்தவனுக்கு அப்புறம் இன்னொரு கேள்வி இருக்கிறது: நான் விட்டது யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

அனுபவிக்கவே கூடாது என்பதும் வேதத்தின் போதனை இல்லை. நாம் அனுபவிக்கிறதற்குச் சகலவித நன்மைகளையும் சம்பூரணமாய்க் கொடுக்கிற தேவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அதே அதிகாரத்தில்தான் போதுமென்கிற மனதுடனேகூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம் என்றும் எழுதுகிறார். நல்ல உணவும் இசையும் நண்பர்களோடு சிரிப்பும் தேவன் தந்தவை. போதும் என்று சொல்லத் தெரிந்தவர்தான் அவற்றை நிம்மதியாக அனுபவிக்கவும் முடியும்.

வாழ்ந்து காட்டியவர்கள்

கி.பி. 270ஐ ஒட்டி எகிப்தில் அந்தோனியார் என்ற இளைஞர், பெற்றோர் இறந்தபின், ஆலயத்தில் "உனக்கு உண்டானவைகளை விற்று, தரித்திரருக்குக் கொடு" என்ற நற்செய்தி வாசிப்பைக் கேட்டார். நிலத்தை விட்டுக்கொடுத்தார், மற்றவற்றை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். தங்கைக்காக மட்டும் கொஞ்சம் எடுத்துவைத்தார். மறுபடி ஆலயத்துக்குப் போனபோது காதில் விழுந்தது "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்ற வசனம். மீதியையும் கொடுத்துவிட்டு, தங்கையை நம்பிக்கையான கன்னியரின் பொறுப்பில் விட்டுவிட்டு வனாந்தர வாழ்க்கைக்குப் போனார். அவருடைய வரலாற்றை எழுதிய அத்தனாசியு இதைப் பதிவுசெய்திருக்கிறார். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த அழைப்பு இல்லை. பிள்ளை பெற்றவர்கள் வனாந்தரத்துக்குப் போக முடியாது, போகவும் கூடாது. ஆனால் கடைசியாக எடுத்துவைத்த அந்தக் கொஞ்சத்தைத் தொட்டது எந்த வசனம் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம்முடைய பிரசங்கம் ஒன்றில் ஆக்ஸ்போர்டில் இருந்த ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறார். அது வெஸ்லியேதான் என்பது பொதுவான கருத்து. அந்த இளைஞருடைய வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். அடுத்த வருஷம் 60 பவுண்டு வந்தது. அப்போதும் 28இல் வாழ்ந்து 32ஐக் கொடுத்தார். வருமானம் ஏறினாலும் தனக்கான அளவு ஏறவில்லை. "இவ்வளவு போதும்" என்பதை ஒரு தொகையாகவே முன்கூட்டி முடிவு செய்திருந்தார்.

இன்றைய பரபரப்பான வாழ்க்கைக்கு மிக நெருக்கமானவர் என்று நான் நினைப்பது ஜான் வுல்மன். 1720இல் வட அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். இளைஞராக ஒரு கடையில் வேலை பார்த்தார், தையலும் கற்றுக்கொண்டார். அப்புறம் சொந்தமாகக் கடை வைத்தார். முதலில் தையலுக்கு வேண்டிய சாமான்கள், பிறகு துணிகள் என்று வியாபாரம் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. பெரிய வியாபாரி ஆவதற்கான பாதை கண்ணெதிரே திறந்து கிடந்தது. அந்த நேரத்தில்தான் அவருக்கு உள்ளுக்குள் ஒரு தடை தோன்றியது. கடை தன் மனதையும் நேரத்தையும் விழுங்குகிறது என்று கண்டார். வாடிக்கையாளர்களிடம் தாம் இனி விற்கப்போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லி, வேறு கடைகளுக்குப் போகச் சொன்னார். 1756ஐ ஒட்டி வியாபாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முடித்துக்கொண்டு, தையலோடும் ஆப்பிள் மரத் தோட்டத்தோடும் நின்றுகொண்டார். நஷ்டத்தில் மூடவில்லை, நன்றாக நடந்துகொண்டிருந்த கடையை மூடினார்.

மிச்சமான நேரத்தை என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். இளைஞராக இருந்தபோது, முதலாளி சொன்னதன்பேரில், ஒரு கறுப்பினப் பெண்ணை விற்பதற்கான பத்திரத்தை எழுத வேண்டிவந்தது. அது அவர் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. கடையின் பாரம் இறங்கியபின் அவர் ஊர் ஊராகப் போய், அடிமைகளை வைத்திருந்த குவேக்கர்களின் வீடுகளில் உட்கார்ந்து, கோபப்படாமல், விடாமல் பேசினார். அடிமைகளின் உழைப்பில் நடக்கிற வீட்டில் தங்க நேர்ந்தால் அந்த உழைப்புக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார். 1772இல் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் பெரியம்மையால் இறந்தார். நான்கு வருஷம் கழித்து, 1776இல், பிலடெல்பியாவில் கூடிய குவேக்கர்களின் வருடாந்தரக் கூட்டம் அடிமைகளை வைத்திருக்கிறவர்கள் குவேக்கர் உறுப்பினராக இருக்க முடியாது என்று தீர்மானித்தது. அவர் ஒருவரால் மட்டும் அது நடந்தது என்று சொல்ல முடியாது, பலருடைய உழைப்பு அதில் இருந்தது. ஆனால் கடை வளர்ந்துகொண்டே போயிருந்தால் அவருக்கு அந்தப் பயணங்களுக்கு நேரம் இருந்திருக்காது.

கப்பர்நகூமில் ஒரு நாள்

"எனக்கு நேரமே இல்லை" என்று சொல்கிறவர்கள் மாற்கு முதல் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். ஓய்வுநாளில் இயேசு ஜெபஆலயத்தில் போதிக்கிறார், அசுத்த ஆவி பிடித்தவனைக் குணமாக்குகிறார். அங்கிருந்து சீமோன் வீட்டுக்குப் போனால் சீமோனுடைய மாமியார் ஜுரமாகக் கிடக்கிறார். அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார். சூரியன் மறைந்ததும் ஊரே வாசலில் கூடிவிடுகிறது, பிணியாளிகளோடு. எத்தனை மணிக்குப் படுத்தாரோ தெரியாது. இருட்டோடே எழுந்து தனிமையான இடத்துக்குப் போய் ஜெபம்பண்ணுகிறார். சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிக்கொண்டு வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார்கள்.

நமக்கு அப்படி ஒரு செய்தி வந்தால் உடனே கிளம்பிவிடுவோம். தேடுகிறவர்கள் நோயாளிகள், தேவை உண்மையானது, போனால் நல்லது நடக்கும். இயேசு போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள், இதற்காகவே புறப்பட்டு வந்தேன் என்கிறார். கெட்டதை மறுப்பதற்குப் பெரிய தெளிவு வேண்டியதில்லை. நல்லதை, அதுவும் எல்லோரும் எதிர்பார்க்கிற நல்லதை மறுக்கத்தான் தெளிவு வேண்டும். அந்தத் தெளிவு அவருக்கு விடியுமுன் ஜெபத்தில் கிடைத்தது. அவருடைய நாட்கள் நம்முடையதைவிட நெருக்கமாகவே இருந்தன, ஆனால் அவர் எதற்காக வந்தார் என்பது அவருக்குக் குழம்பவில்லை. எளிமை வேலையின் அளவைப் பொறுத்தது இல்லை என்று இதனால்தான் சொல்கிறேன். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றின் சமையலறையில், பாத்திரச் சத்தத்துக்கும் ஆட்களின் கூச்சலுக்கும் நடுவே, முழங்காலில் நிற்கும்போது இருந்த அதே சமாதானத்தோடு வேலை செய்ததாகச் சொன்னாரே சகோதரர் லாரன்ஸ், அவரும் வேலையைக் குறைத்துவிட்டு அதைச் சொல்லவில்லை.

எங்கிருந்து தொடங்குவது

சரி, நடைமுறைக்கு வருவோம். அடுத்த வாரத்துக்கான உங்கள் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதை ஏன் ஒப்புக்கொண்டேன் என்று எழுதுங்கள். ஜெபத்தோடு, அவசரப்படாமல். சில வேலைகள் நம்மேல் வைக்கப்பட்டவை. படுத்த படுக்கையாக இருக்கிற தாயைக் கவனிப்பது, பிழைப்புக்கான வேலை, கைக்குழந்தை. இவற்றைக் குறைக்கச் சொல்வது எளிமை இல்லை, இவற்றுக்கு முழு மனதோடு இருக்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான் எளிமை. தாளில் வேறு சில வேலைகளுக்கு எதிரே எழுதக் காரணமே கிடைக்காது, அல்லது "வேண்டாம் என்றால் என்ன நினைப்பார்களோ" என்பதுதான் காரணமாக இருக்கும். அதில் ஒன்றை மட்டும் இந்த வாரம் விடுங்கள். ஒன்று போதும்.

இதில் சபையின் பங்கையும் சொல்லியாக வேண்டும். பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், ஜெபக் கூட்டம், விசேஷ விழாவுக்கான குழு என்று எல்லாவற்றிலும் ஒரே ஆட்களின் பெயர் இருக்கும். இழுத்துப்போட்டுக்கொண்டு செய்கிறவர் தலையில்தான் அடுத்த பொறுப்பும் விழும். போதகர்களும் மூப்பர்களும் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஊழியத்தில் ஓடி ஓடி வீட்டில் ஜெபிக்கவும் தெம்பில்லாத விசுவாசியை உண்டாக்குவது சபையின் வேலை இல்லை.

விடுவது என்று தீர்மானித்த அடுத்த நிமிஷமே பேச்சு என்ற பிரச்சினை வரும். மறுப்புச் செய்தியைத் தட்டச்சு செய்யும்போது கவனியுங்கள். "என்னால் வர இயலாது" என்று ஒரு வரியில் முடிய வேண்டியது, உடம்பு சரியில்லை, வீட்டில் விருந்தாளிகள், அலுவலகத்தில் நெருக்கடி என்று ஏழெட்டு வரிக்கு நீண்டுபோகும். அதில் ஒன்றிரண்டு அரைகுறை உண்மையாகவும் இருக்கும். எதிரில் இருப்பவர் நம்மைத் தவறாக நினைக்கக் கூடாது என்பதற்காகவே அந்த வரிகள். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்று இயேசு சொன்னதை இந்த இடத்தில் செய்து பார்க்கலாம். காரண வரிகளை அழித்துவிடுங்கள். "இந்த முறை என்னால் இயலாது, மன்னியுங்கள்" என்று அன்பாக, சுருக்கமாக அனுப்புங்கள். நம் பெயரைக் காப்பாற்றும் வேலையைத் தேவனிடம் விட்டுவிடுகிற பயிற்சி இது, சிறியதுதான், ஆனால் முதல் சில தடவை மிகவும் கடினமாக இருக்கும். "பார்க்கலாம்", "முயற்சி செய்கிறேன்" என்று மழுப்புவதையும் இதோடு சேர்த்து விடலாம்.

கைபேசியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. காலையில் கண் விழித்ததும் முதலில் யாருடைய குரல் நம்மிடம் வருகிறது என்பதைப் பொறுத்து அந்த நாளின் முதலாவது எது என்று முடிவாகிவிடுகிறது. ஒரு சங்கீதத்தை வாசித்து ஜெபித்த பிறகு திரையைத் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி இரவில் வேறு அறையில் இருந்தால் இது சுலபமாகும்.

பொருள் வாங்கும்போது, அவசியமில்லாத எதையும் பார்த்த அன்றே வாங்காமல் சில நாட்கள் தள்ளிப்போடுங்கள். பாதி ஆசைகள் அதற்குள் மறந்துவிடும். கொடுக்கும்போது, உங்களுக்கு வேண்டாததைக் கொடுப்பது வீட்டைச் சுத்தம் செய்வது. உங்களுக்குப் பிடித்த, இல்லாமல் போனால் கொஞ்சம் வலிக்கிற ஒன்றை எப்போதாவது கொடுங்கள். அது கையைவிட்டுப் போன பிறகுதான், அதைப் பிடித்திருந்தது நாமா, நம்மைப் பிடித்திருந்தது அதுவா என்று தெரியவரும்.

அப்புறம் ஓய்வுநாள். உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் இந்தக் கட்டளைக்குச் சொல்லப்படுகிற காரணம், நீ எகிப்திலே அடிமையாயிருந்தாய் என்பது. செங்கல் கணக்கு கேட்கிற எஜமான் இனி உன்மேல் இல்லை, அதனால் நிறுத்து. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போல இளைப்பாற வேண்டும் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் ஓய்வெடுக்க, சமையலறையில் ஒருவருக்கு மட்டும் வேலை இரட்டிப்பானால் அங்கே ஓய்வுநாள் ஆசரிக்கப்படவில்லை. மன்னாவுக்கும் முந்தின நாளே சுடவேண்டியதைச் சுட்டு வேவிக்கவேண்டியதை வேவித்து வைக்கச் சொன்னார் மோசே. முழு நாள் முடியாதவர்கள் அரை நாளில் தொடங்கலாம். முறைவேலை பார்க்கிறவர்களுக்கு ஞாயிறு கிடைக்காது, வேறு நாளில் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

வழியில் வரும் சிக்கல்கள்

எளிமை கொஞ்சம் கைகூடியதும் பக்கத்து வீட்டாரின் செலவு நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கும். இயேசு வீட்டுக்கு வந்தபோது தங்கை மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்க, பணிவிடையில் ஓடிக்கொண்டிருந்தவள் மார்த்தாள். அவளுடைய கதையை நாம் பெரும்பாலும் வேலை செய்வதற்கு எதிராக வாசிக்கிறோம். இயேசு அவளுடைய சமையலைக் குறை சொல்லவில்லை. அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றுதான் சொன்னார். அவளுடைய கலக்கம் எப்படி வெளிவந்தது? தங்கையும் தன்னைப் போலவே ஓட வேண்டும் என்ற புகாராக வந்தது. எளிமையைப் பிடித்துக்கொண்டவர்கள் இதையே தலைகீழாகச் செய்யலாம், தாங்கள் உட்கார்ந்தது போல மற்றவர்களும் உட்கார வேண்டும் என்று. வாழ்க்கைத்துணையிடம் கேட்காமல் வீட்டுச் செலவைக் குறைப்பது, பிள்ளைகளின் பொருட்களை அவர்கள் இல்லாத நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவது, இவை எளிமையின் பெயரில் நடக்கிற அதிகாரம். உங்கள் பங்கில் தொடங்குங்கள், மற்றவர்களுடையதை அவர்களோடு பேசி முடிவெடுங்கள்.

இரண்டாவது சிக்கல், இது வேகமாக வராது. "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று பிலிப்பியருக்குப் பவுல் எழுதியது காவலில் இருந்தபோது. அவருக்கும் அது பிறவிக் குணமாக இல்லை, கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்கிறார். வாழ்ந்திருக்கிற காலத்தில் கற்றுக்கொள்வதுதான் அதிகக் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் இருக்கும்போது யாரையும் நம்ப வேண்டிய அவசியமே வராதே.

மூன்றாவது, குறைத்ததால் மிச்சமான நேரமும் பணமும் சத்தமில்லாமல் வேறு ஏதாவது ஒன்றில் கரைந்துபோகும். மன்னாவைப் பற்றிய அந்த வரியை, மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியில்லை என்பதை, பவுல் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் எடுத்துக்காட்டுகிறார். வறுமையிலிருந்த யூதேயா பரிசுத்தவான்களுக்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த சமயம் அது. வனாந்தரத்தில் தேவன் அளந்து கொடுத்தார், இப்போது உங்களிடம் இருப்பது அவர்களுடைய குறைவுக்குப் போகட்டும் என்று கேட்கிறார். ஆகவே எதையாவது விடுவதற்கு முன்பே, அதில் மிச்சமாகும் தொகை யாருக்கு என்று பெயர் சொல்லி எழுதிவைத்துக்கொள்ளுங்கள், சம்பளம் வந்த அன்றே அனுப்பிவிடுங்கள். விட்ட கூட்டத்தின் மாலை நேரத்துக்கும் அப்படியே. தனியாக இருக்கிற ஒரு முதியவரைப் பார்க்கப் போவதா, பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதா, சும்மா ஜெபத்தில் இருப்பதா என்று முன்கூட்டியே முடிவுசெய்து, அந்த நேரத்துக்கு வேறு யார் கேட்டாலும் "இந்த முறை இயலாது" என்று சொல்லிவிடுங்கள்.